படிவம் 3இன் கடைசியில் கையெழுத்துக்கு வரும் தாள்: பாடங்களைப் பின்னாலிருந்து எண்ணித் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் 3 முடியப்போகும் நேரத்தில் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டும். படிவம் 4இல் எந்தப் பாடத் தொகுப்பு வேண்டும், முதல் விருப்பம் எது, இரண்டாவது எது என்று சில கட்டங்கள் இருக்கும். அடியில் பெற்றோர் கையெழுத்து. பல வீடுகளில் அந்தத் தாள் ஓர் இரவுக்கு மேல் தங்குவதில்லை. பிள்ளையின் கூட்டாளி எதை எடுத்தானோ அதுவே இங்கும் எழுதப்பட்டு, மறுநாள் காலை பள்ளிக்குத் திரும்பிவிடும்.

பிள்ளை 17 வயதில் எந்தக் கல்லூரி வாசலில் நிற்கலாம், எதில் நிற்க முடியாது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தத் தாள்தான். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பொதுத்தேர்வின் மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் இரண்டு வருடம் பேசுகிறோம். ஆனால் எடுக்காத பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்ப்பதுதான் சரியான வழி. அதற்கு முதலில் ஏணியின் படிகள் தெரிய வேண்டும்.

ஏணியின் படிகள்

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, அப்புறம் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 5 வரை. மலாய்மொழியில் இன்னும் பிடிப்பு வராத பிள்ளைகளுக்கு இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பு உண்டு. அப்படிப் போகிறவர் 17 வயதுக்குப் பதிலாக 18 வயதில் எஸ்.பி.எம். எழுதுவார். பல பெற்றோர் இதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். மலாயில் தடுமாறும் பிள்ளைக்கு அந்த ஓராண்டு நல்ல அவகாசம் என்பதே என் கருத்து. காரணத்தைக் கீழே வரலாறு பாடம் வரும் இடத்தில் பார்க்கலாம்.

மலேசியாவில் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி இல்லை. ஆறு வருடம் தமிழில் கணிதமும் அறிவியலும் படித்த பிள்ளை, படிவம் 1இல் அதே பாடங்களை மலாயில் படிக்கத் தொடங்குகிறது. இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளியானால் ஆங்கிலத்தில். ‘பின்னம்’ ஒரே நாளில் ‘பெச்சாஹான்’ ஆகிவிடும். கணக்குத் தெரியும், கேள்வி புரியவில்லை என்ற நிலை முதல் ஆறு மாதத்தில் சாதாரணம்.

இனி குழப்பத்தின் மூல காரணம். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. படிவம் 3இல் இருந்த பிடி3 2022இல் நீக்கப்பட்டது. அந்த பிடி3கூட 2014இல்தான் பழைய பி.எம்.ஆர். தேர்வின் இடத்துக்கு வந்திருந்தது. அவற்றின் இடத்துக்கு வந்தவை இரண்டு: ஆண்டு முழுவதும் நடக்கும் வகுப்பறை மதிப்பீடு, ஆண்டிறுதியில் வரும் உவாசா தேர்வு. வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளைக்கு 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுவார்கள். 3 என்றால் அடிப்படை வந்துவிட்டது, 6 என்றால் மிகச் சிறப்பு.

தேர்வுப் பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த மாற்றத்தோடு, நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் அளவுகோல் எஸ்.பி.எம். வரை பெற்றோர் கண்ணில் படாமல் போனது. அடைவுநிலை 4 வாங்கிய பிள்ளைக்குக் கூடுதல் கணிதம் ஒத்துவருமா? அந்த எண் அதைச் சொல்லாது. பாட ஆசிரியரை நேரில் பார்த்துக் கேட்டால்தான் தெரியும்.

அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு போன பிறகு

அப்பா அம்மா படித்த காலத்தில் இரண்டே வரிசை: அறிவியல் அல்லது கலை. 2020இல் புதிய கலைத்திட்டம் படிவம் 4க்கு வந்தபோது அந்தப் பிரிவுகள் எடுக்கப்பட்டுப் பாடத் தொகுப்புகள் வந்தன. பெரிய பிரிவுகள் இவை (‘ஸ்டெம்’ என்பது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றின் ஆங்கிலச் சுருக்கம்):

1. ஸ்டெம் ஏ. இயற்பியல், இரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் என்று பழைய அறிவியல் பிரிவைப் போன்றது.

2. ஸ்டெம் பி. தூய அறிவியல் பாடங்கள் சிலவும், கணினி அறிவியல் போன்ற செயல்முறைப் பாடங்களும் கலந்தது.

3. ஸ்டெம் சி. தொழில்நுட்பம், தொழிற்பயிற்சி சார்ந்த பாடங்கள் அதிகம்.

4. மனிதவியல், கலை. கணக்கியல், வணிகம், பொருளியல், மொழிகள், இலக்கியம், ஓவியம் முதலியவை.

தாளில் ‘ஸ்டெம் பி’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒவ்வொரு பள்ளியும் தன்னிடம் இருக்கும் ஆசிரியர்களையும் மாணவர் எண்ணிக்கையையும் வைத்துத் தொகுப்பை அமைக்கிறது. பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளியின் ஸ்டெம் பியில் இருக்கும் இரசாயனம், புக்கிட் மெர்தாஜமில் உள்ள பள்ளியின் ஸ்டெம் பியில் இல்லாமல் போகலாம். தொகுப்பின் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பாடங்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும்.

எந்தத் தொகுப்பானாலும் மாறாத பாடங்கள் உண்டு. மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, முஸ்லிம் அல்லாதவர்க்கு நன்னெறிக் கல்வி. தூய அறிவியல் எடுக்காதவர்கள் பொது அறிவியலும் எடுப்பார்கள்.

இவற்றில் இரண்டு பாடங்கள் தனி ரகம். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. மலாய்மொழி வெகுகாலமாகவே அப்படி. வரலாறு 2013இல் சேர்ந்தது. எட்டுப் பாடத்தில் ஏ வாங்கி வரலாற்றில் கோட்டை விட்டாலும் கையில் சான்றிதழ் இல்லை. மறுதேர்வு இருக்கிறது, ஆனால் அதற்குள் மற்றவர்கள் கல்லூரிக்குப் போய்விட்டிருப்பார்கள். வரலாற்றுத் தாளை எழுதுவதோ மலாயில். நிகழ்ச்சிகளை மனப்பாடம் செய்தாலும் அவற்றைக் கோவையாக எழுத மொழி வேண்டும். புகுமுக வகுப்பைத் தண்டனையாகப் பார்க்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

பத்து என்ற எண்

எஸ்.பி.எம். தரவரிசை ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ், பி பிளஸ், பி, சி பிளஸ், சி, டி, ஈ, ஜி என்று இறங்கும். சி வரைக்கும் கிரெடிட். டியும் ஈயும் வெறும் தேர்ச்சி. ஜி என்றால் தோல்வி. கல்லூரிகள் பேசுவதெல்லாம் கிரெடிட் கணக்கில்தான். தனியார் பல்கலைக்கழகத்தில் அடித்தளக் கல்விக்குக் குறைந்தது 5 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட்.

மெட்ரிகுலேஷன் கணக்கு வேறு. கல்வி அமைச்சு நடத்தும் இந்த ஓராண்டுப் படிப்பு அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் குறுக்குவழி. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடியினருக்கும்), 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்பது நெடுநாள் ஏற்பாடு. ஒவ்வோர் ஆண்டும் நம் பத்திரிகைகளில் இந்த விவகாரம் வெடிப்பது இதனால்தான். 2024 ஜூனில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், 10ஏ (பத்துப் பாடத்தில் ஏ) அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா மாணவருக்கும் இனப் பாகுபாடின்றி இடம் உண்டு என்று அறிவித்தார். ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா என்பது 2025இல் சர்ச்சையானது. சேரும் என்று அமைச்சரவை முடிவு செய்தது.

இப்போது விரல்விட்டு எண்ணுங்கள். ஸ்டெம் ஏ எடுத்த பிள்ளைக்கு மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறி ஆக 5. இயற்பியல், இரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் சேர்த்து 9. ஒன்பது பாடம் எழுதியவர் ஒன்பதிலும் ஏ பிளஸ் வாங்கினாலும் அது 9ஏதான். 10ஏ என்ற அந்த வாக்குறுதி அவரைத் தொடாது.

பத்தாவது பாடம் எங்கிருந்து வரும்? நம் பிள்ளைகளுக்கு மிக இயல்பான பதில் தமிழ்மொழி.

தமிழ்: சுமையா, பத்தாவது பாடமா?

பினாங்கில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டுவரை பின்னோக்கிப் போகிறது. இருநூறு ஆண்டு நிறைவை 2016இல் நாடெங்கும் கொண்டாடினார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் படிவம் 1க்குப் போனதும் தமிழை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ‘பள்ளியில் தமிழ் இல்லை’. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், நடைமுறைக்கு ஒத்துவரும் பட்சத்தில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். ஆகவே பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேட்பதுதான் முதல் வேலை. இதைப் படிவம் 1 தொடங்கிய முதல் மாதத்திலேயே செய்துவிட வேண்டும். படிவம் 4இல் போய்க் கேட்டால் மூன்று வருட இடைவெளியை எந்த ஆசிரியராலும் நிரப்ப முடியாது.

இரண்டாவது, ‘நேரம் ஒத்துவரவில்லை’. இது பொய்யான காரணம் இல்லை. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே, மதியத்திலோ சனிக்கிழமையிலோ நடக்கும். பள்ளிப் பேருந்து போய்விடும், அழைத்துவர ஆள் வேண்டும். ஒரே பகுதியிலிருந்து போகும் நாலைந்து வீடுகள் முறை வைத்துப் பிள்ளைகளை ஏற்றி வந்தால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, ‘தமிழில் ஏ கிடைப்பது கஷ்டம், மொத்தத்தைக் கெடுத்துவிடும்’. மதிப்பெண் அச்சம் புரிகிறது. ஆனால் தமிழை விட்டால் கையில் இருப்பது ஒன்பது. தமிழை எடுத்து பி வாங்கினாலும் மற்ற ஒன்பது ஏவும் எங்கும் போய்விடாது. கூட ஒரு கிரெடிட் இருக்கும். அந்த இரண்டு நிலையில் எது கெட்டது?

தமிழ் இலக்கியம் அடுத்த கேள்வி. எஸ்.பி.எம்.மில் 10 பாடம் என்ற வரம்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று சமூகம் குரல் எழுப்பியது. அதன் விளைவாகக் கூடுதலாக இரண்டு பாடம் எடுக்க வழி விடப்பட்டது. அந்த இரண்டும் அரசு உபகாரச் சம்பளக் கணக்கில் சேராது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. கலைத் தொகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இலக்கியம் நல்ல தேர்வு. ஸ்டெம் ஏவில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் பதினொன்றாவது பாடமாக அதைத் திணிப்பது வேறு கதை. விருப்பம் இருந்தால் மட்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதில் தேர்வே இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ்ப்பிரிவுக்கு விண்ணப்பிக்க எஸ்.பி.எம். தமிழ் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. அதன் பக்கம் கண் வைத்திருப்பவருக்கும் தமிழை விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

எந்தக் கதவுக்கு எந்தச் சாவி

1. மருத்துவம். மலேசிய மருத்துவ மன்றத்தின் குறைந்தபட்ச நிபந்தனையில், பல்கலைக்கழக முன்தகுதியோடு எஸ்.பி.எம்.மும் பார்க்கப்படும். உயிரியல், இரசாயனம், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னொரு பாடம் ஆகிய ஐந்திலும் குறைந்தது பி. வெளிநாட்டில் படிக்கப் போனாலும் இதிலிருந்து தப்ப முடியாது, திரும்பி வந்து தொழில் செய்ய வேண்டுமே. படிவம் 4இல் உயிரியலை விட்டுவிட்டு அப்புறம் டாக்டர் ஆசை வந்தால் திரும்பும் பாதை மிக நீளம்.

2. பொறியியல். கணிதமும் இயற்பியலும் உயிர்நாடி. கூடுதல் கணிதம் இல்லாமல் போனால் முதல் ஆண்டே திணறும். உயிரியல் தேவையில்லை. பினாங்கில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கி, அதே ஆண்டில் இன்டெல் வந்ததிலிருந்து நம்மவர் பலரின் குடும்பச் செலவு அந்தத் தொழிற்சாலைகளில் இருந்துதான் வருகிறது. அம்மா உற்பத்தி வரிசையில் நின்ற அதே கட்டடத்துக்குள் மகள் பொறியியலாளராகப் போக, இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். இரண்டு வேலைக்கும் இடையில் உள்ள தூரம் பெரும்பாலும் அந்த இரண்டு பாடம்தான்.

3. கணினி. கணிதம் கட்டாயம். கூடுதல் கணிதம் இல்லாதவர்கள் பல இடங்களில் தனியாக ஒரு கணித வகுப்பு எடுத்துவிட்டுத்தான் தொடர முடியும். படிவம் 4இல் கணினி அறிவியல் எடுக்காததால் மட்டும் கதவு மூடிவிடாது.

4. கணக்கியல். கணிதத்தில் கிரெடிட் வேண்டும். எஸ்.பி.எம்.மில் கணக்கியல் எடுத்திருந்தால் வசதி, அவ்வளவே.

5. சட்டம். குறிப்பிட்ட தொகுப்பு எதுவும் தேவையில்லை. மலாயும் ஆங்கிலமும் வலுவாக இருக்க வேண்டும். வக்கீலாக ஆசைப்படும் பிள்ளையை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஸ்டெம் ஏவுக்குள் தள்ளுவது இரண்டு வருடத்தை வீணாக்கும்.

6. தொழிற்கல்வி. இதில்தான் நம் வீடுகளில் கௌரவப் பிரச்சினை குறுக்கே வருகிறது. பட்டர்வொர்த், பத்து லஞ்சாங், நிபோங் திபால் ஆகிய இடங்களில் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சேர்வது படிவம் 4 நிலையில், எனவே விண்ணப்பம் படிவம் 3இலேயே போக வேண்டும். இந்தப் பாதை டிப்ளோமாவை நோக்கிப் போவது. மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். (படிவம் 6 தேர்வு) வேண்டும் என்பவருக்கு ஏற்றதல்ல. கையால் செய்து கற்கும் பிள்ளைக்கு இது முதல் விருப்பமாகவே இருக்கலாம்.

கூடுதல் கணிதம் எங்கே தொடங்குகிறது

படிவம் 4இல் என்று சொல்வார்கள். உண்மையில் படிவம் 1இல் எழுத்துக்களை வைத்துக் கணக்குப் போடத் தொடங்கும் நாளில். படிவம் 2இல் காரணிப்படுத்துதலும் இயற்கணிதப் பின்னங்களும் வரும். படிவம் 3இன் முதல் அத்தியாயம் அடுக்குக்குறி. இந்த மூன்றும் கையில் இருக்கும் பிள்ளைக்குப் படிவம் 4இன் சார்புகளும் இருபடிச் சமன்பாடும் மடக்கையும் பழகிய வீட்டின் அடுத்த அறை மாதிரி. இல்லாத பிள்ளைக்கு முதல் பரீட்சையிலேயே ஒற்றை இலக்க மதிப்பெண் வரும்.

அந்த நிலையில் டியூஷன் மாற்றுவார்கள், ஆசிரியரைக் குறை சொல்வார்கள். ஓட்டை இரண்டு வருடம் முன்னால் இருக்கும். படிவம் 3 விடுமுறையில் படிவம் 2 புத்தகத்தின் காரணிப்படுத்துதல் பயிற்சிகளை உதவி இல்லாமல் போடச் சொல்லிப் பாருங்கள். பத்தில் ஏழு சரியாக வந்தால் கூடுதல் கணிதம் எடுக்கலாம். மூன்று வந்தால், எடுக்கும் முன் அந்த அத்தியாயத்துக்கு ஒரு மாதம் ஒதுக்க வேண்டும். இது அதிகாரப்பூர்வமான சோதனை ஒன்றும் இல்லை. ஆனால் அடைவுநிலை எண்ணைவிட நிறையச் சொல்லும்.

எஸ்.பி.எம்.முக்கு அப்புறம் பிரியும் சாலைகள்

மெட்ரிகுலேஷன் ஓராண்டு. பினாங்கு மாணவருக்குப் பக்கத்தில் இருப்பது கெப்பாலா பத்தாஸ் பக்கம் உள்ள கல்லூரி. ஆனால் இடம் அங்கேயே கிடைக்கும் என்பதில்லை, வேறு மாநிலத்துக்கும் போக நேரும்.

எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. ஒவ்வொரு தவணைக்கும் தனித் தேர்வு. பொதுப்பாடம் கட்டாயம், அதோடு பொதுவாக மூன்று பாடம். தமிழ்மொழியும் ஒரு பாடமாக உண்டு. கடினம் என்று பெயர் வாங்கிய படிப்பு. ஆனால் ஒதுக்கீட்டுக் கணக்கு எதுவும் இல்லாமல் உள்ளே போகலாம், செலவும் குறைவு. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டே கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடும் குடும்பங்கள், அருகிலுள்ள படிவம் 6 பள்ளியை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கலாம்.

பெர்மாத்தாங் பாவிலும் பாலிக் புலாவிலும் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளோமா முடித்து அங்கிருந்து பட்டப்படிப்புக்கு ஏறியவர்கள் ஏராளம்.

அரசுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்து விழுக்காட்டைக் கடைசி நேரத்தில் சம்பாதிக்க முடியாது. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் வருகையும் பொறுப்பும் ஆண்டுதோறும் பதிவாகின்றன. படிவம் 1இல் சேர்ந்த இயக்கத்தை விடாமல் பிடித்திருக்கும் பிள்ளை, படிவம் 4இல் செயலாளராகவோ தலைவராகவோ ஆக வாய்ப்பு அதிகம். பொறுப்புக்குப் புள்ளி உண்டு. சான்றிதழ்களை ஒரே கோப்பில் போட்டுவையுங்கள், நேர்காணலின்போது தேடி அலையக்கூடாது.

எப்போது எதைச் செய்வது

படிவம் 1: தமிழ் வகுப்புக்குப் பதிவு, ஒரு சீருடை இயக்கம், மலாயில் தினம் கொஞ்சம் வாசிப்பு.

படிவம் 2: இயற்கணிதம். வேறு எதையும் இந்த ஆண்டில் பெரிதாகத் திட்டமிட வேண்டாம்.

படிவம் 3: ஆண்டு நடுவிலேயே பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் அடுத்த ஆண்டுத் தொகுப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வேண்டிய பாடம் இந்தப் பள்ளியில் இல்லையென்றால் பள்ளி மாறுவதைப் பற்றி யோசிக்க அப்போதுதான் நேரம் இருக்கும். பிள்ளைக்கு என்ன தொழில் வேண்டும் என்று இன்னும் தெரியாவிட்டால் அதில் அதிசயம் இல்லை, 15 வயதுதானே. அப்படியானால் தாங்கக்கூடிய அளவில் அதிகக் கதவு திறந்திருக்கும் தொகுப்பை எடுக்கலாம். ‘தாங்கக்கூடிய’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

படிவம் 4: முதல் சில வாரங்களில் பாடம் ஒத்துவரவில்லை என்றால் உடனே பள்ளியிடம் பேச வேண்டும். அரையாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால் மாற வேண்டிய பாடத்தில் ஆறு மாதம் பின்தங்கியிருக்கும்.

படிவம் 5: எஸ்.பி.எம்.முக்கு முன் பள்ளியில் நடக்கும் சோதனைத் தேர்வின் முடிவைப் பத்திரமாக வைத்திருங்கள். தனியார் கல்லூரிகள் அதைக் கொண்டே தற்காலிக இடம் தருகின்றன. மெட்ரிகுலேஷனுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் இணைய விண்ணப்பம் எஸ்.பி.எம். முடிவு வரும் முன்பே திறந்துவிடும். முடிவைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்திருந்து தேதியைத் தவறவிடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கோவிட் காலத்தில் நகர்ந்துபோன பள்ளி ஆண்டு 2026இல் ஜனவரிக்குத் திரும்பியிருப்பதால், அண்ணனுக்கோ அக்காவுக்கோ இருந்த தேதிகளை நம்ப வேண்டாம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.